சரக்கின் மேற்குறியும் வாங்குவோர் அறமும்: ஒரு சொல் வரலாறு

திருக்குறளின் புலான்மறுத்தல் அதிகாரத்தில் வரும் 256ஆம் குறளுக்கு இருவேறு பாடங்கள் வழங்குகின்றன. சில பதிப்புகளில் ‘கொல்லாது’ என்றும் வேறு சிலவற்றில் ‘கொள்ளாது’ என்றும் காணப்படுகிறது. தின்னும்பொருட்டு உலகம் கொல்லாதாயின், விலைக்கு ஊன் தருவாரும் இல்லையாவர் என்பது முதற்பாடத்தின் கருத்து. இரண்டாம் பாடத்தை ஏற்றால், தின்னும்பொருட்டு உலகம் விலைக்குக் கொள்ளாதாயின் என்று பொருள் மாறும். லகர ளகர வேறுபாடு ஒன்றே குற்றத்தைக் கொலைஞன் கையிலிருந்து எடுத்து வாங்குவோன் கையில் வைத்துவிடுகிறது. எப்பாடம் மூலபாடம் என்ற ஆராய்ச்சி ஈண்டு வேண்டுவதன்று. கொன்றவனுக்கே பாவம், தின்றவனுக்கு இல்லை என்று வாதிடுவோர்க்கு மறுமொழியாக எழுந்தது இக்குறள் என்பதை உரைமரபு ஏற்கிறது. ஆகவே எப்பாடத்தைக் கொண்டாலும், விலை கொடுப்பவனின் விருப்பமே விற்பவனின் செயலுக்குக் காரணம் என்ற கருத்து நிலைபெறுகிறது.

இதனைப் பட்டினப்பாலை கூறும் வணிக அறத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளார், கொடுக்கும்போது குறைத்துக் கொடார் என்று அந்நூல் புகழ்கிறது. அவ்வறம் இருவர்க்கிடையே அமைவது. கொள்வோனும் கொடுப்போனும் ஒருவரையொருவர் ஏமாற்றாதிருத்தலே அதன் எல்லை. குறளோ அங்கில்லாத மூன்றாமவர் ஒருவரைக் கொண்டுவருகிறது. கடைக்கு வராத, பேரத்தில் பங்கில்லாத, பொருள் உண்டான இடத்தில் துன்புற்ற உயிர் அது. இன்று ‘அறம்சார் நுகர்வு’, ‘சூழலுக்கு உகந்த நுகர்வு’ என்றெல்லாம் பேசப்படுவன யாவும் இந்த மூன்றாமவரைப் பற்றியனவே. அவர் அடிமையாக இருக்கலாம், நூற்பவராக இருக்கலாம், ஓர் ஆறாகவும் இருக்கலாம். அவரைக் காணாத வாங்குவோர்க்கு அவரைப் பற்றிச் சொல்வது சரக்கின் மேல் எழுதப்பட்ட சொல் அல்லது பொறிக்கப்பட்ட குறி ஒன்றே. அச்சொல்லும் குறியும் இந்தியச் சந்தையில் எவ்வாறு வளர்ந்தன, எங்கே வழுக்கின என்பதை மொழியியல் நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது.

சர்க்கரைக் கிண்ணம்

இவ்வகைக் குறிகளுள் முற்பட்டது ஒன்று இந்தியாவின் பெயரைத் தாங்கியே பிறந்தது என்பது பலரும் அறியாத செய்தி. 1791ஆம் ஆண்டு அடிமை வணிகத்தை ஒழிக்கக் கோரிய தீர்மானத்தைப் பிரித்தானிய நாடாளுமன்றம் தள்ளியது. அவ்வாண்டிலேயே வில்லியம் ஃபாக்ஸ் என்பார் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையையும் ரம் மதுவையும் விலக்குமாறு மக்களை வேண்டி ஒரு சிறுநூல் வெளியிட்டார். வாரத்துக்கு 5 பவுண்டு சர்க்கரை பயன்படுத்தும் குடும்பம் 21 மாதம் அதனைத் தவிர்த்தால் ஒரு மனிதன் அடிமையாவதையோ கொல்லப்படுவதையோ தடுக்கலாம் என்று அவர் கணக்கிட்டார். கணக்கின் துல்லியம் ஐயத்துக்குரியது. எனினும் வீட்டுச் சமையலறையின் எடையைத் தொலைவிலுள்ள ஓர் உயிரோடு எண்ணால் இணைத்த முறை புதியது. ஏறத்தாழ 3,00,000 பேர் சர்க்கரையைக் கைவிட்டதாக அடிமை ஒழிப்பியக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார்.

சர்க்கரையை முற்றும் விடமாட்டாதவர்க்கு வணிகர் மாற்று ஒன்றைத் தந்தனர். அது கிழக்கிந்தியச் சர்க்கரை. 1820களில் இவ்வியக்கம் மீண்டும் எழுந்தபோது, இது அடிமைகளால் செய்யப்படாத கிழக்கிந்தியச் சர்க்கரை என்னும் வாசகம் பொறித்த பீங்கான் கிண்ணங்கள் ஆங்கில வீடுகளின் தேநீர் மேசையில் இடம்பெற்றன. வாங்குவோர் தம் அறத்தை விருந்தினர்க்கும் காட்டிக்கொள்ள உதவிய குறி அது.

அவ்வாசகம் எந்த அளவு உண்மை? 1833ஆம் ஆண்டு அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளையும் இலங்கையையும் தன் எல்லைக்குள் கொண்டுவரவில்லை. இந்தியாவில் அடிமைநிலைக்குச் சட்ட ஏற்பை நீக்கிய சட்டம் 1843இல்தான் வந்தது. மலபாரிலும் தஞ்சையிலும் வயல் அடிமைகள் நிலத்தோடு சேர்த்தும் நிலமின்றியும் கைமாறிய செய்திகளைக் கம்பெனி அலுவலரே எழுதிவைத்துள்ளனர். கிண்ணத்தின் வாசகம் வங்காளக் கரும்புக்கு மட்டும் உரியது என்று வாதிடலாம். ஆயினும் ‘கிழக்கிந்திய’ என்ற பெயரடை ஒரு நிலப்பரப்பு முழுமைக்கும் தூய்மைச் சான்று வழங்கியது. கொடுத்தவர் அந்நிலத்தை ஆய்ந்தவர் அல்லர், சர்க்கரையை விற்றவர். குறியை வழங்குபவன் யார் என்ற வினா அன்றே எழுந்திருக்க வேண்டும். எழவில்லை.

சுதேசி என்னும் அடை

‘சுதேசம்’, ‘சுதேசி’ ஆகிய வடசொற்கள் தமிழுக்கு வங்கப் பிரிவினையோடு வந்தன என்று கருதுவோர் உளர். அது பிழை. ஜி. சுப்பிரமணிய ஐயர் ‘சுதேசமித்திரன்’ இதழைத் தொடங்கிய ஆண்டு 1882. அப்போது அச்சொல் நாட்டையும் நாட்டவரையும் குறித்ததேயன்றிக் கடைச்சரக்கைக் குறிக்கவில்லை. மராட்டியத்தில் நிலைமை வேறு. பூனாவின் கணேச வாசுதேவ ஜோஷி 1870களிலேயே உள்நாட்டுப் பொருளைக் கொள்ளும் இயக்கத்தை நடத்தி, 1877ஆம் ஆண்டு தில்லி தர்பாருக்குக் கையால் நூற்று நெய்த உடையில் சென்றார்.

1905ஆம் ஆண்டு ஜூலையில் கிருஷ்ணகுமார் மித்ரா தம் ‘சஞ்சீவனி’ வார இதழில் பிரித்தானியப் பொருள்களை விலக்குமாறு எழுதினார். ஆகஸ்டு 7ஆம் நாள் கல்கத்தா நகர மன்றக் கூட்டம் அதனைத் தீர்மானமாக ஏற்றது. இங்கு ஒரு சொல் நோக்கத்தக்கது. 1880ஆம் ஆண்டு அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் குத்தகைதாரரின் விலக்குக்கு ஆளான நிலமேலாளர் சார்லஸ் பாய்காட். இருபத்தைந்தே ஆண்டுகளில் அவர் பெயர் வங்காளத் தெருக்களில் வினையாயிற்று. தமிழில் அது ‘பாய்காட்’ என்றும் ‘பகிஷ்காரம்’ என்றும் வழங்கிப் பின்னர்ப் ‘புறக்கணிப்பு’ ஆயிற்று. பகிஷ்காரம் சாதிக்கட்டுப்பாட்டின் சொல். ஊரார் ஒருவரைக் குலத்திலிருந்து விலக்கும் செயலின் பெயர் சீமைத் துணிக்கு மாற்றப்பட்டபோது, அச்செயலின் வன்மையும் கூடவே வந்தது. துணி வாங்கியவரும் விலக்கப்பட்டார். சலவைத்தொழிலாளியும் நாவிதரும் அவர்க்குத் தொண்டு செய்ய மறுத்தனர்.

இரவீந்திரநாத தாகூர் 1916இல் நூலாக வெளியிட்ட ‘கரே பாய்ரே’ நாவலில் இச்சிக்கலை ஆராய்ந்தார். நிலக்கிழாரான நிகில் உள்நாட்டுத் தொழிலை நெடுங்காலமாகத் தம் பணத்தால் ஆதரிப்பவர். ஆனால் தம் சந்தையில் சீமைத் துணியைத் தடைசெய்ய மறுக்கிறார். ஏழை வணிகன் விலை மலிந்த துணியை விற்றே வாழ்கிறான். அவன் மூட்டையை எரிப்பவரோ அதனை ஈடுசெய்யும் பணமுடையவர். இங்கு மூன்றாமவர் இருவராகிவிடுகின்றனர்: வேலையிழந்த நெசவாளர் ஒருவர், மலிந்த துணியை நம்பி வாழும் ஏழை மற்றொருவர். தாகூரின் நாவலை இயக்கத்துக்கு எதிரானதாக மட்டும் படிப்பது குறையுடைய வாசிப்பு என்பது என் கருத்து.

தமிழகத்தில் வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் பதிவு செய்த சுதேசி நாவாய்ச் சங்கத்தின் வரலாறு நன்கு அறியப்பட்டது. தூத்துக்குடி கொழும்புக் கடல்வழியில் எதிர்த்தரப்புக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தபோது, மலிவா கொள்கையா என்ற தேர்வு பயணிகள் முன் வந்தது. பொருளாதார வலிமை ஒருபுறமும் அரச அடக்குமுறை ஒருபுறமும் நெருக்க, 1908இல் பிள்ளை சிறைப்பட்டபின் சங்கம் நலிந்தது.

நூற்பவர் கூலி

1925ஆம் ஆண்டு பாட்னாவில் தோன்றிய அகில இந்திய நூற்போர் சங்கம் கதர்க்கடைகளுக்குச் சான்றிதழ் வழங்கத் தொடங்கியது. அதன் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரில் இயங்கியது. ஆலை நூலைக் கலந்து கதர் என்று விற்பதைத் தடுப்பது சான்றிதழின் முதல் நோக்கம். எனவே தொடக்கத்தில் அது பொருளைப் பற்றியதேயன்றிச் செய்பவரைப் பற்றியதன்று.

இந்நிலை 1935இல் மாறியது. நூற்கும் பெண்கள் பெறும் கூலி பட்டினிக் கூலியாக இருப்பதைக் காந்தியடிகள் தாமே முன்வந்து குற்றமாக ஏற்றார். 8 மணிநேர நூற்புக்கு 8 அணா வேண்டும் என்பது அவர் விருப்பம். கூலியை உயர்த்தினால் விலை உயரும், விலை உயர்ந்தால் விற்பனை விழும் என்று சங்கத்தவர் அஞ்சினர். நீண்ட விவாதத்துக்குப் பின் வாழ்க்கைக்குப் போதிய கூலி என்னும் கொள்கையை ஏற்றுச் சங்கம் தீர்மானம் செய்தது. 8 அணா உடனே எட்டப்படவில்லை. ஆனால் குறைந்த கூலி தந்து செய்த துணி, கையால் நூற்றதேயாயினும், சங்கத்தின் கதர் ஆகாது என்ற நிலை ஏற்பட்டது. மொழியியலார் நோக்கில் இது பெரிய மாற்றம். ‘கதர்’ என்ற பெயர்ச்சொல்லின் பொருள்வரையறையில் நூலின் தன்மையோடு கூலியின் அளவும் சேர்ந்தது. மேலைநாடுகளில் ‘நியாய வணிகம்’ என்ற தொடர் பரவுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, வாங்குவோர் கொடுக்கும் விலைக்குள் செய்வோரின் உணவும் அடங்கவேண்டும் என்று இந்நாட்டில் தீர்மானமே இயற்றப்பட்டது.

இக்கொள்கைக்குத் தருக்க வடிவம் தந்தவர் தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா. 1934ஆம் ஆண்டின் இறுதியில் வார்தாவில் உருவான அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தின் செயலாளர் அவர். வாங்குவோர் பொறுப்பை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு டப்பா கோகோ. மேற்காப்பிரிக்கத் தோட்டத்தில் கட்டாய உழைப்பில் விளைந்த கொட்டை, கடற்படையின் வலிமையால் காக்கப்பட்ட வழியில் இங்கிலாந்து சேர்கிறது. அங்கே சுரண்டப்பட்ட உழைப்பால் பொடியாகிறது. பின்னர் அரசியல் ஆதிக்கத்தால் கிடைத்த சுங்கச் சலுகையோடு இந்தியா வருகிறது. கடையில் அந்த டப்பாவுக்குக் காசு நீட்டுபவர் இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஊதியம் கொடுத்தவராவார் என்பது குமரப்பாவின் வாதம். திருட்டுப் பொருளென்று தெரிந்தும் வாங்குவோனைச் சட்டம் தண்டிக்கிறதே, அந்த நியாயம் ஏன் இங்குப் பொருந்தாது என்று அவர் கேட்டார்.

அடுத்து அவர் கூறியதுதான் கடினமானது. தான் வாங்கும் பொருளின் வரலாற்றை அறியும் வாய்ப்பு வாங்குவோர்க்கு இருக்கவேண்டும். தொலைவு கூடக்கூட அறியும் ஆற்றல் குறைகிறது. ஆகவே பொறுப்பேற்கத்தக்க அளவுக்குள் சந்தையைச் சுருக்க வேண்டும். குறியை நம்பாமல், கண்ணால் காணும் எல்லையை அவர் நம்பினார். பக்கத்துத் தெருச் செக்கில் எண்ணெய் ஆட்டுபவர் தம் மாட்டுக்குத் தீனி போடுகிறாரா என்பதற்கு முத்திரை வேண்டுவதில்லை. ஓடுகின்ற நீரைப்போல் புதுப்பிக்கப்படும் வளங்களையும், தேங்கியிருந்து எடுக்க எடுக்கக் குறையும் நிலக்கரி, கனிமங்களையும் அவர் பிரித்துக் காட்டியது இன்றைய சூழலியலாரால் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. 1945இல் வெளிவந்த அவர் நூலின் தலைப்பில் உள்ள ‘நிலைபேறு’ என்ற கருத்து, பிற்காலத்தில் உலக மன்றங்கள் பேசிய கருத்துக்கு முன்னோடி. ஆயினும் கிராமத்து எல்லைக்குள் அனைத்தையும் கண்ணால் காணலாம் என்பது முழு உண்மையன்று. அந்தச் செக்கடியில் யார் உள்ளே வரலாம், யார் வெளியே நின்று எண்ணெய் வாங்கவேண்டும் என்பதையும் அதே கண்கள் நூற்றாண்டுகளாகக் கண்டுகொண்டுதான் இருந்தன. அண்மை அறிவைத் தரும். அறத்தைத் தருமென்று சொல்ல இயலாது.

பானைக் குறி

விடுதலைக்குப் பின் முத்திரைகள் பெருகின. வேளாண் விளைபொருள்களுக்கான அக்மார்க் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி ஏற்கெனவே இருந்தது. 1952ஆம் ஆண்டுச் சட்டம் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு வழிசெய்தது. இவை தரத்தின் குறிகள்; மீண்டும் பட்டினப்பாலையின் இருவர் அறம். 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வாங்குவோரை விற்போரிடமிருந்து காத்தது. வாங்குவோரிடமிருந்து காக்கப்படவேண்டியவர் பற்றிய பேச்சு அதில் இல்லை.

அப்பேச்சை அரசு தொடங்கியது 1991ஆம் ஆண்டு பிப்ரவரியில். சுற்றுச்சூழல் அமைச்சகம் ‘ஈகோமார்க்’ திட்டத்தை அறிவித்தது. மேற்கு ஜெர்மனி 1978இல் ‘நீல தேவதை’ என்னும் குறியைத் தொடங்கியிருந்தது. இந்தியத் திட்டம் அத்தகைய முயற்சிகளின் வழிவந்தது. சோப்பு, சலவைத்தூள், தாள், வண்ணப்பூச்சு, நெகிழி, மின்கலம், துணி முதலான 16 வகைப் பொருள்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. மூலப்பொருள் முதல் கழிவு வரை நோக்கி அளவைகள் வகுக்கப்பட்டன. தரக்கட்டுப்பாட்டு நிறுவனத்தின் தரச்சான்றும் உடனிருக்க வேண்டும் என்பது விதி.

குறியாக அமைந்தது மண்பானை. மண் புதுப்பிக்கத்தக்க வளம், பானை செய்வதில் நச்சுக்கழிவு இல்லை, ஆற்றற் செலவும் குறைவு என்பன அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். கருத்தளவில் இதனினும் பொருத்தமான படம் கிடைப்பது அரிது. குறியியல் நோக்கில்தான் இடர்ப்பாடு. எழுத்தறியாதவரும் கண்டு உணரவேண்டுமென்றே படக்குறி அமைக்கப்படுகிறது. ஆனால் பானையைக் காண்பவர் நினைப்பது பானையை. என் தாயாரிடம் ஒருமுறை இப்படத்தைக் காட்டினேன். “குடிதண்ணீர் இருக்கிற இடத்துக்குப் போடுகிற அடையாளம்தானே?” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. குறிக்கும் குறிப்பொருளுக்கும் உள்ள உறவு வழக்கத்தால் நிலைபெறுவது; அவ்வழக்கம் உண்டாகும் அளவுக்கு அக்குறி கடைகளில் தோன்றவேயில்லை. மிகச்சில நிறுவனங்களே உரிமம் கேட்டன. கட்டணமும் சோதனைச் செலவும் உண்டு, குறியால் விற்பனை கூடுமென்ற உறுதியில்லை, குறியின்றியே ‘இயற்கையானது’ என்று உறைமேல் அச்சிடத் தடையுமில்லை. பின் எந்த வணிகர் பானையைத் தேடி வருவார்? அதே ஆண்டுகளில் தமிழகத் தெருக்குழாய்களில் மண்குடமும் பித்தளைக்குடமும் மறைந்து, வண்ண வண்ண நெகிழிக்குடங்கள் வரிசையில் நின்றன.

2024ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய ஈகோமார்க் விதிகள் அறிவிக்கப்பட்டுப் பழைய திட்டம் முடிவுக்கு வந்தது. அதற்கு அடுத்த மாதமே, ஆதாரமின்றிப் பசுமை பேசும் விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறைகள் வெளியிட்டது. ‘பசுமை’, ‘தூய’, ‘சூழலுக்கு உகந்த’ போன்ற பொதுச்சொற்களைத் தக்க விளக்கமும் சான்றுமின்றி வழங்கலாகாது என்கிறது அது. அடைமொழிகளின் பொருளுக்கு அரசு வரையறை வகுக்க முற்பட்டமை மொழியியலார் அனைவரும் கருதத்தக்க நிகழ்ச்சி.

பசுமை என்னும் நிறச்சொல்லைப் பற்றி இங்கே ஒன்று கூறவேண்டும். 2001 முதல் உணவுப் பொதிகளில் சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளியும் அசைவத்துக்குப் பழுப்புப் புள்ளியும் கட்டாயமாயின. இந்தியக் குறிகளுள் இதுவே முழு வெற்றி பெற்றது. படிக்கத் தெரியாத பாட்டியும் பிஸ்கட் பொதியைத் திருப்பி இப்புள்ளியைத் தேடுகிறார். நிறவேற்றுமை காணமாட்டாதவர்க்காக 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் பழுப்பு வட்டத்தை முக்கோணமாக மாற்றின. வெற்றிக்குக் காரணம், குறி பிறக்கும் முன்பே அவ்வேறுபாடு மக்கள் மனத்தில் இருந்தமை. ஆனால் பச்சை சைவத்துக்கு உரியதாகிவிட்டபின், சூழலுக்கும் அதே பச்சை வந்து நிற்கிறது. காடழித்து நட்ட பனையின் எண்ணெயில் பொரித்த பண்டமும் பச்சைப் புள்ளியை முறைப்படியே தாங்கும்.

திருப்பூரும் நொய்யலும்

கதர்ச் சங்கத்தின் திருப்பூரைப் பற்றி மேலே குறிப்பிட்டோம். அவ்வூரே பின்னர் பின்னலாடை ஏற்றுமதியின் தலைநகராயிற்று. குறிகளின் வரலாற்றில் அவ்வூர் இரண்டாம் முறை இடம்பெற்ற விதம் துயரமானது.

புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய வேதிப்பொருள்களை வெளியிடும் சில அசோ சாயங்களை ஜெர்மனி 1994இல் தடைசெய்தது. இந்தியாவும் 1997இல் தடைவிதித்தது. ஏற்றுமதியாளர் சாயத்தை மாற்றினர், ஆய்வகச் சான்று பெற்றனர். 1992இல் தொடங்கிய ‘ஓக்கோ-டெக்ஸ் 100’ என்னும் சான்றிதழும் பரவியது. அச்சான்றிதழ் சொல்வது, முடிவுற்ற ஆடையில் அணிவோர்க்குத் தீங்கான பொருள்கள் வரம்புக்குமேல் இல்லை என்பதே. அது பொய்யன்று. ஆனால் ஆடையில் இல்லாதது எங்கே போயிற்று? சாயக்கழிவும் உப்பும் நொய்யலாற்றில் போயின. பாசனத்துக்காகக் கட்டி 1990களின் தொடக்கத்தில் நிறைவுற்ற ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாக மாறியது. கீழ்நிலத்து உழவர் அந்நீரைத் திறக்கவேண்டாமென்று வழக்காடும் நிலை வந்தது. அணைநீரைத் திறக்கக்கேட்டு வழக்காடுவதே தமிழக வழக்கம் என்பதை நினைக்க இதன் கொடுமை புலனாகும். 2011ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் கழிவுநீரை முற்றும் நிறுத்தாத சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. பட்டறைகள் மூடின. வேலையிழந்தோர் ஊர் திரும்பினர். பின்னர்க் கழிவை வெளிவிடாத சுத்திகரிப்பு முறையோடு படிப்படியாகத் திறந்தன.

ஹாம்பர்கு நகரத்துக் கடையில் அச்சட்டையை எடுத்துப் பார்த்தவர், சான்றிதழைப் படித்து இது தீங்கற்றது என்று கருதியிருப்பார். யாருக்குத் தீங்கற்றது என்ற நான்காம் வேற்றுமைப் பெயர் அவ்வாசகத்தில் தொக்கு நின்றது. ‘பாதுகாப்பான’, ‘உகந்த’, ‘நல்ல’ ஆகிய பெயரடைகள் யாவும் ‘யாருக்கு’ என்னும் வினாவை எதிர்நோக்குபவை. விளம்பரத்தொடர் அவ்விடத்தை வெற்றாக விடும். படிப்பவர் தம்மையே அதில் இட்டு நிரப்பிக்கொள்வார். மூன்றாமவர் மறைவது பெரும்பாலும் இந்த வெற்றிடத்தில்தான். பதோகி வட்டாரத்துக் கம்பளங்களில் குழந்தை உழைப்பில்லை என்று உறுதிகூற 1994இல் தோன்றிய ‘ரக்மார்க்’ (2009 முதல் ‘குட்வீவ்’) இதற்கு மாறானது. அக்குறி வாங்குவோரைப் பற்றி ஒன்றும் கூறாமல் நெய்தவரைப் பற்றி மட்டுமே கூறியது. அதனைக் கண்டவரும் ஐரோப்பிய, அமெரிக்க வீட்டினரே.

தமிழில் உள்ள சொற்கள்

‘நுகர்வோர்’ என்னும் கலைச்சொல்லின் அடியான ‘நுகர்’ பழந்தமிழில் துய்த்தலையும் புலன்களால் இன்புறுதலையும் குறித்தது. வாங்குதல் அதில் இல்லை, தீர்த்தல் அதில் இல்லை. ஆங்கிலச் சொல்லில் உள்ள, அழித்துத் தீர்த்தல் என்னும் பொருட்கூறு தமிழ்ச்சொல்லில் இல்லாமை ஒருவகையில் அழகு, ஒருவகையில் மறைப்பு. இலங்கையில் வழங்கும் ‘பாவனையாளர்’ பயன்படுத்துபவர் என்ற அளவில் நிற்பது.

உரமும் பூச்சிக்கொல்லியும் இல்லாத விளைச்சலுக்கு நமக்கு ஒரு சொல் இல்லை, ஐந்து உள்ளன: இயற்கை, அங்கக, உயிர்ம, கரிம, இலங்கையில் சேதன. அரசு ஏடு ஒன்றைச் சொல்ல, பல்கலைக்கழகம் ஒன்றைச் சொல்ல, கடைப்பலகை மூன்றாவதைச் சொல்கிறது. நம்மாழ்வார் போன்றோரின் பரப்புரையால் ‘இயற்கை’ மக்களிடம் ஊன்றியது. ஆனால் சான்றிதழ் பெற்ற விளைபொருளையும் பெறாததையும் அச்சொல் வேறுபடுத்தாது. 2017ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பொதியில் இடப்படும் ‘ஜைவிக் பாரத்’ குறியின் பெயரும் தமிழ்க் காதுக்கு ஒன்றையும் உணர்த்துவதில்லை. இவற்றோடு ஒப்பிட, ‘மக்கும் குப்பை, மக்காத குப்பை’ என்னும் இணை தமிழின் நற்பேறு. எருக்குழியை அறிந்த உழவர் வீட்டுச் சொல் நகராட்சித் தொட்டிக்கு வந்து, விளக்கமின்றியே விளங்கியது. (மந்தமான மாணவனை ‘மக்கு’ என்று வையும் ஆசிரியர்கள் இனி அதைப் பாராட்டாகக் கருதலாம்.) கேடு என்னவெனில், தொழிற்சாலைச் சூழலில் மட்டும் மக்கும் நெகிழிப் பைக்கும் அதே சொல்லை அச்சிடுகின்றனர். தோட்டத்து மண்ணில் அது வாழையிலைபோல் மக்காது.

உறையின் மொழி

இறுதியாக, இச்சொற்கள் எம்மொழியில் அச்சாகின்றன என்பதைக் காணவேண்டும். 2011ஆம் ஆண்டுப் பொதிப்பொருள் விதிகளின்படி கட்டாய விவரங்கள் தேவநாகரியில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கவேண்டும். பிறமொழியைக் கூடுதலாகச் சேர்ப்பதற்குத் தடையில்லை. உணவுப் பொதிகளுக்கான விதியும் இவ்வாறே. ‘தடையில்லை’ என்னும் தொடர் உரிமை தருவதுபோல் தோன்றும். உரிமை பெறுபவர் உற்பத்தியாளர், வாங்குவோர் அல்லர்.

சில ஆண்டுகளுக்கு முன் மைசூரில் என் வீட்டருகிலுள்ள மளிகைக்கடையில், கட்டட வேலைக்காகத் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்திருந்த பெண் ஒருவர் பாத்திரம் துலக்கும் தூளின் உறையை என்னிடம் நீட்டினார். அவர் தமிழ் நன்கு படிப்பார். பேருந்துப் பலகை அளவுக்குக் கன்னடமும் பழகியிருந்தார். “சார், இதுல கைக்கு ஆகாத மருந்து ஏதாச்சும் போட்டிருக்கான்னு பாருங்க. போன தடவை வாங்குனதுல விரலெல்லாம் வெடிச்சுப் போச்சு” என்றார். உறையின் முன்புறத்தில் ஓர் இலையின் படமும், அதன் கீழ் இயற்கையின் ஆற்றல் என்னும் பொருள்பட ஆங்கிலத் தொடர் ஒன்றும் இருந்தன. பின்புறத்தில் எடை, விலை, மாதம், முகவரி. உட்பொருள்களின் பட்டியல் இல்லை. நான் இரண்டுமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, எழுதவில்லை அம்மா என்றேன். “படிச்சவங்களுக்கும் தெரியாதா?” என்று கேட்டவர், உறையை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, கடைக்காரரிடம் சாம்பலும் தேங்காய் நாரும் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். கடைக்காரர் சிரித்தார். அந்த வட்டாரத்தில் விறகடுப்பு எரிந்து வெகுநாளாயிற்று.